நீலச் சீட்டுக் கூட்டுக்குப் போன சரக்கு

உடுவில் கனகாம்பிகைக்குப் புகழ் வந்தது ஐம்பத்துநாலாவது வயதில். அதுவும் ஒரு மாநாட்டுப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், அடியில், கண்ணாடி போட்டாலும் கஷ்டப்பட்டே வாசிக்கக்கூடிய எழுத்தில் வந்தது. ஆய்வுக்கூடத்து எலிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட திருமதி கனகாம்பிகை நடராசாவுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தவள் ஆரணி.

மூன்று மாதம் அந்தப் புத்தகம் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் கணவர் நடராசா அதை எடுத்துக் காட்டினார். வெங்காயக் கன்று கேட்டு வந்தவர்கள்கூட அதைப் பார்க்காமல் வெளியே போக முடியவில்லை. பிறகு ஒருநாள் கனகம் அதை எடுத்து அலுமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஏனென்று நடராசா கேட்டதற்குக் கறையான் அரிக்கும் என்றாள். அந்த வீட்டுச் சாமி அறையில் ஒருநாளும் கறையான் வந்ததில்லை.

கோண்டாவில் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன உயிரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் பின்பக்கத்து எலிக்கூடத்தில் கனகத்துக்குப் பதினொரு வருஷ வேலை. கூட்டித் துடைக்கத்தான் முதலில் எடுத்தார்கள். வீட்டில் ஆடும் கோழியும் வளர்த்த கை என்று தெரிந்ததும் எலிகளையும் அவளிடமே விட்டுவிட்டார்கள். காலை ஏழரைக்கெல்லாம் ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் விட்டு, கை கழுவி, வெள்ளை மேலங்கி மாட்டி உள்ளே போனாளென்றால் அது அவளுடைய ராச்சியம். மரத்தூள் ஈரமாய் இருந்தால் பொறுக்கமாட்டாள். தண்ணீர்ப் போத்தலில் ஒரு பாசி கண்டால் அன்றைக்கு ஒருவருக்கும் நிம்மதி இல்லை. படிக்கிற பிள்ளைகள் எலியம்மா என்று பட்டம் வைத்திருந்தார்கள். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள், ஆனால் உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடிக்கும்.

அந்த ராச்சியத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. கொழும்பிலிருந்து மூட்டையில் வரும் எலித்தீன், கொதித்தாறிய தண்ணீர், அவ்வளவுதான். இதை எழுதிய அட்டையைக் கதவில் ஒட்டியதே கனகம். மாடியில் படிக்கும் பெண் ஒருத்தி ஒருமுறை கையில் வடையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் அழும்வரை கனகம் பேசித் தீர்த்தாள். வடைக்காரி அதை மறந்திருக்கலாம். கனகத்தால் மறக்க முடியவில்லை, அவளுடைய வில்லங்கமே அதுதான்.

ஆரணி அளவெட்டிப் பிள்ளை. இருபத்தொன்பது வயது. கலியாணப் பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு எலி மூளையோடு மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கேள்வி சாதாரணமாகத்தான் தெரியும். நோய் உடம்பில் எங்கேயோ இருக்க, மூளைக்கு அது எப்படித் தெரியவருகிறது? கனகம் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழும்பி வேலைக்கு வந்த அன்றைக்கு ஆரணி அவளுக்கு அதை விளங்கப்படுத்தினாள்.

"அன்ரி, சாப்பாடும் வேண்டாம், ஒருத்தரும் கதைக்கவும் வேண்டாம் எண்டு சுருண்டு கிடந்தியளெல்லே, அது கிருமி நேர செய்யிற வேலை இல்லை. உங்கடை மூளைதான் படு எண்டு சொன்னது."

உடம்பில் ஓரிடத்தில் அழற்சி வந்தால் அங்கிருந்து நுண்ணிய மூலக்கூறுகள் இரத்தத்தோடு செய்தி கொண்டுபோகும். அதை வாங்குவதற்கென்றே மூளைக் கலங்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. செய்தி வந்து ஏற்பியில் பொருந்தியதும் கலத்துக்குள்ளே ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், கடைசியில் மூளையிலும் அழற்சி தொடங்கிவிடும். ஆரணி இதற்குப் படலையை உதாரணம் சொன்னாள். செய்தி கொண்டுவருபவன் படலையைத் தட்டுகிறான். அவன் உள்ளே வரமுன் ஒருத்தன் கொளுவியைப் பிடித்துக்கொண்டு நின்றால்? அப்படி ஏற்பியில் போய் இருந்துகொள்ளும் ஒரு மருந்தைத்தான் அவள் சோதித்துக்கொண்டிருந்தாள்.

கூடுகளில் மூன்று நிறச் சீட்டு. மஞ்சள் கூட்டு எலிகளுக்கு ஒன்றும் இல்லை. சிவப்புக்கு அழற்சியை உண்டாக்கும் ஊசி. நீலத்துக்கு அந்த ஊசியோடு ஆரணியின் மருந்து ஊசியும். சிவப்பு எலிகள் சோர்ந்து கிடக்க, நீல எலிகள் எழும்பி ஓடினால் ஆரணி வென்றாள். "அந்த நீலக் கூட்டுக்குள்ளைதான் அன்ரி என்ரை சீவன் கிடக்கு" என்று ஆரணி ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

முதல் சோதனையின் இரண்டாம் நாள் மத்தியானம் ஆரணி மாடிக்குப் போயிருந்தாள். கனகம் நீலக் கூட்டைப் பார்த்தாள். எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணைப் பாதி மூடி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தீன் தொட்டபாடில்லை. டெங்கில் அவள் கிடந்த அதே கிடை. சிவப்புக்கு ஒரு ஊசி, இதுகளுக்கு இரண்டு ஊசி என்று அவள் மனம் கணக்குப் பார்த்தது.

அந்த நாட்களில் அவளுக்குச் சரக்குச் சோறுதான் மத்தியானச் சாப்பாடு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அரைத்த சரக்கு. பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் கிடந்து எழும்பியவருக்கும் யாழ்ப்பாணத்தில் வேறென்ன கொடுப்பார்கள்? வெளியே போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சுண்டைக்காய் அளவில் நாலு உருண்டை உருட்டி, மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தான் ஒட்டிய அட்டையைத் தாண்டி உள்ளே வந்தாள். எலிகள் முதலில் மணந்து பார்த்தன. பிறகு ஒன்று, அந்தச் சின்ன இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்துத் தின்றது. கனகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாட்களில் சரக்குத் தூளை, தான் விழுங்கி முடித்த குளிசைகளின் போத்தல் ஒன்றில் கொண்டுவந்தாள். ஆறு நாள் நடந்தது. சட்டம் எழுதினவர்களுக்கு நோயாளியின் வயிறு தெரியுமோ என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் சொல்லுகிற இடத்தில் கொஞ்சம் பிழை இருக்கத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

நீல எலிகள் எழும்பின. சிவப்பு எலிகளைவிட இரண்டு நாள் முந்தி ஓடித் திரிந்தன. அவற்றின் மூளையை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது அழற்சி அடங்கிக் கிடந்ததாம். ஆரணி மாடியிலிருந்து படி இரண்டிரண்டாய்த் தாவி வந்து கனகத்தைக் கட்டிப்பிடித்தாள். மாநாட்டில் அவளுக்குப் பரிசு கிடைத்தது, கனகத்துக்குப் பன்னிரண்டாம் பக்கம் கிடைத்தது. ஆரணியின் வெளிநாட்டு மருந்து செய்த வேலைக்கு முன்னால் ஒரு சிட்டிகைச் சரக்கு எந்த மூலைக்கு என்று கனகம் தன் மனத்தை ஆற்றிக்கொண்டாள். சாமி அறையில் அந்தப் புத்தகத்தைக் கும்பிட்டபோது அவளுக்குக் கூச்சம் வரவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

கட்டுரையை வெளியிடக் கேட்ட சஞ்சிகைக்காரர், முழுச் சோதனையையும் இன்னொருமுறை செய்து காட்டச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கனகத்தின் மகள் உதயகலா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்தான். துடக்குக் கழியும் முப்பத்தொரு நாளும் கனகம் லீவு போட்டாள். எலிக்கூடத்தைப் பார்க்கத் தற்காலிகமாக ஓர் ஆளை எடுத்தார்கள். பாசையூர்ச் சிமியோன், நாற்பது வயது தாண்டிய, அதிகம் கதைக்காத மனிசன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், தோள்மூட்டு விலகியதால் கரையில் வேலை தேடியவன். ஒரு நாள் முழுக்க அவனுக்கு வேலை பழக்கிவிட்டு வந்த கனகம், மீன் வெட்டின கைக்கு எலியின்ரை நோவு எங்கை தெரியப்போகுது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். நடராசாவும் சேர்ந்து சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவள் மகளுக்குச் சரக்கு அரைத்தாள்.

திரும்பி வந்தபோது ஆரணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் சோதனை முடிந்திருந்தது. நீல எலிகளும் சிவப்பு எலிகளும் ஒரே கிடையாகக் கிடந்திருக்கின்றன, ஒரே நாளில் எழும்பியிருக்கின்றன. மூளையிலும் வித்தியாசம் இல்லை. மூன்று வருஷ உழைப்பு பொய்யா மெய்யா என்று தெரியாமல் அந்தப் பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தது. கனகத்துக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இந்த முறை நீலக் கூட்டுக்குச் சரக்குப் போகவில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் துரைராஜா கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. கனகத்தையும் சிமியோனையும் ஆரணியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எலி அதே இனம், மருந்து அதே மருந்து, மாறினது பார்த்த ஆள்தான் என்றார். சிமியோன் தான் எழுதிவைத்த கொப்பியைக் காட்டினான். நேரம், தீன், தண்ணீர் எல்லாம் குண்டு குண்டு எழுத்தில் ஒழுங்காக இருந்தது. துரைராஜா கனகத்தின் பக்கம் திரும்பி, முதல் சோதனையில் நீங்கள் செய்து, இவர் செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று கேட்டார்.

"இல்லை சேர். வழமைபோலைதான்" என்றாள் கனகம்.

மூன்று சொல். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம்? சிமியோன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். சந்தேகம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில், பதினொரு வருஷக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப பிழை என்னிலைதான் இருக்கும் சேர். எனக்கு அனுபவம் காணாது" என்றான்.

அடுத்த கிழமை அவன் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது மேலங்கியைத் தோய்த்து மடித்துக் கொளுவியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். கனகம் அந்த மேலங்கியைப் பார்க்காமல் நடக்கப் பழகினாள், முடியவில்லை. அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் வருவது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். ஒருவருக்கும் தெரியாமல் வருகிற அவமானத்துக்கு எங்கே போய் முகத்தை வைப்பது? பேரனைத் தூக்கினால் கை கூசியது. அந்த நாளில்தான் புத்தகம் அலுமாரிக்குள் போனது.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை ஆரணியின் கதவுவரை போனாள். மூன்று முறையும் வேறெதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். நாலாம் முறை போனபோது ஆரணி முந்திக்கொண்டாள். இன்னும் ஒரேயொரு முறை செய்து பார்க்கத் துரைராஜா சம்மதித்துவிட்டார், இதுவும் பிழைத்தால் ஆய்வைக் கைவிட வேண்டியதுதான் என்றாள்.

"உங்கடை கைராசி அன்ரி. இந்த முறை நீங்கள்தான் நிண்டு பாக்கவேணும். சிமியோன் அண்ணை நல்லவர்தான், ஆனா அவருக்கு இதுகளிலை பாசம் இல்லைப்போலை."

கனகம் ஓம் என்று தலையாட்டினாள். அவளே சிமியோனைப்பற்றி வீட்டில் சொன்னதுதான், ஆனால் ஆரணியின் வாயால் கேட்கச் செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது.

ஊசி போட்டு இரண்டாம் நாள் மத்தியானம் அவள் நீலக் கூட்டுக்கு முன்னால் நின்றாள். மேலங்கிப் பைக்குள் குளிசைப் போத்தல் இருந்தது. காலையில் அதை நிரப்பியது அவள்தான், மறுக்க முடியாது. ஒரு சிட்டிகை போட்டால் ஆரணிக்குப் பட்டம், தனக்கு இன்னொரு பக்கம், சிமியோன் கைக்குப் பாசமில்லை என்பதும் நிரூபணம். போடாவிட்டால் எல்லாம் வெளியே வரும். எலி ஒன்று பாதிக் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தது. கனகம் போத்தலைப் பையிலிருந்து எடுத்தாள், மூடியைத் தொட்டாள், திறக்கவில்லை. அப்படியே மாடிக்கு ஏறி, ஆரணியின் மேசையில் அதை வைத்தாள்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். டெங்கு, சரக்குச் சோறு, சுண்டைக்காய் உருண்டை, ஆறு நாள். ஆரணி ஏசுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொப்பியை எடுத்துப் பேனையைத் திறந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள். சரக்கில் என்னென்ன? எவ்வளவு? கையளவு என்றால் எவ்வளவு? எத்தனை மணிக்கு? எந்த எலி கூடத் தின்றது? கனகம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தன் இரக்கம் முழுவதும் ஒரு பக்கத்தில் பட்டியலாகிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிவப்புக் கூட்டுக்கும் குடுத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"ஏன் அன்ரி? அதுகளும் கிடந்ததுகள்தானே."

கனகத்துக்கு இரண்டு ஊசிக் கதையைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நீலக் கூட்டுக்குள்தான் சீவன் கிடக்கிறது என்று ஆரணி சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது, அது விழுந்த பிறகுதான் அவள் கை சாப்பாட்டுப் பெட்டிக்குப் போனது.

"நீர் வெல்லவேணும் எண்டும் இருந்தது" என்றாள்.

ஆரணி பேனையை மூடினாள். சரக்குத்தான் எலிகளை எழுப்பியதென்று சொல்ல முடியாது, எழுப்பவில்லை என்றும் சொல்ல முடியாது, முதல் சோதனையில் ஒன்றையுமே இனி நம்ப முடியாது, அவ்வளவுதான் என்று விளக்கினாள். மாநாட்டுக்காரருக்கு எழுதவேண்டும், பரிசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். துரைராஜாவிடம் இரண்டுபேரும் சேர்ந்து போகலாம் என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"சிமியோன் அண்ணை பக்கத்திலை நிக்கேக்கைதானே சேர் உங்களைக் கேட்டவர்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அவருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

துரைராஜா சத்தம் போடவில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எலிக்கூடத்துத் திறப்பை மேசையில் வைக்கச் சொன்னார். இனி அவளுக்கு மாடியில் கண்ணாடிக் குவளை கழுவுகிற வேலை. சிமியோனைத் திங்கட்கிழமை வரச்சொல்லி அவரே ஆள் அனுப்பினார்.

ஞாயிறு பின்னேரம் கனகம் பாசையூருக்குப் போனாள். நடராசா கூட வரட்டோ என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டாள். அவருக்கும் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் வெளியே போய் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கத் தொடங்கியிருந்தார். சிமியோன் வீட்டுவாசலில் பூவரச மரத்தடியில் இருந்து, விலகின தோளை அசைக்காமல், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டான். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வழியெல்லாம் கனகம் ஒரு பேச்சை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிழை விட்டது உண்மை, பொய் சொன்னது உண்மை, ஆனால் கெட்ட எண்ணம் இல்லை, இரக்கத்தில் செய்தது, அதை மட்டுமாவது இந்த மனிசன் விளங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தாள். ஆரணியிடம் சொன்ன மற்ற உண்மையை இங்கே சொல்வதாக அவளுக்கு எண்ணம் இல்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு அப்படியே சொல்லி முடித்தாள். அதுகள் கிடந்த கிடையைப் பார்த்து என்ரை மனம் பொறுக்கேல்லைத் தம்பி என்று முடித்தாள்.

சிமியோன் வலைக்கண் ஒன்றை முடித்துவிட்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பிழை தன்னில் இல்லை என்று அறிந்த ஆறுதல்கூட உடனே வரவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அந்தரமாத்தான் கிடந்ததக்கா" என்றான். "அந்த நீலச் சீட்டுக் கூட்டுக்கு முன்னாலை நிக்கேலாது. வீட்டிலை இருந்து பாண் துண்டு ஒண்டு கொண்டுபோய் ரெண்டு நாள் பொக்கற்றுக்குள்ளை வச்சுக்கொண்டு நிண்டனான். ஆனா நீங்கள்தானே பழக்கேக்கை சொன்னனீங்கள், வெளிச்சாப்பாடு குடுத்தா அந்தப் பிள்ளையின்ரை வேலை பழுதாப்போகும் எண்டு. குடுக்கேல்லை."

கனகத்தின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. இரக்கம் என்ற ஒன்றையாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள், அது அவனிடமும் இருந்திருக்கிறது. தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா, ஆறப்போகுது என்று சிமியோன் இரண்டு தரம் சொன்னான். அது ஆறி முடியும்வரை அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.